மனு எழுத உட்காரும் முன் ட்ரிப் நோட்டை எடுங்கள்

2020 மே மாதம் சேலம் மாவட்டத்தில் எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தோம். நாலு பக்கம், எழுதியது நான்தான். கொரோனாவால் வாழ்வாதாரம் இழந்து தவிக்கும் சுற்றுலா வாகன ஓட்டுநர்களின் துயர் துடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்றெல்லாம் மேடைத் தமிழில் இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து, பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அப்போது வந்த கோபம் கொஞ்சமில்லை. இப்போது அந்த நகலை எடுத்துப் படித்தால், நாங்கள் என்னதான் கேட்டோம் என்று எனக்கே விளங்கவில்லை.

தொற்றுக் காலத்தில் முதலில் நிற்பது நம்ம வண்டி, கடைசியில் கிளம்புவதும் நம்ம வண்டி. அந்த மாதிரி நேரத்தில் அரசிடம் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று அடிபட்டுக் கற்றுக்கொண்டதை டாக்ஸி, மேக்சிகேப், வேன், சின்ன டிராவல்ஸ் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஏற்காடு மலைக்கு ஓட்டும் வண்டிக்காரனுக்குக் கோடை சீசனான ஏப்ரல், மே இரண்டு மாதம்தான் சம்பளம், மீதி பத்து மாதமும் பேட்டா எனும் படிக்காசுதான். இது நமக்குத் தெரியும், கோட்டையில் ஃபைல் பார்க்கிறவருக்குத் தெரியாது. அதனால் 2019 மே மாத ட்ரிப் நோட்டையும் 2020 மே மாத நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகல் எடுங்கள். என்னுடையதில் முதல் நோட்டில் 41 ட்ரிப், இரண்டாவதில் வெறும் தாள். அந்த வெறும் தாளையும் சேர்த்துத்தான் எங்கள் இரண்டாவது மனுவோடு இணைத்தேன், முதல் மனுவின் நாலு பக்க அழுகையைவிட அது நன்றாகப் பேசியது. நோட்டு எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் பேங்க் ஸ்டேட்மென்ட், டீசல் பில், லாட்ஜ்காரர்கள் அனுப்பிய புக்கிங் மெசேஜ் எதையாவது எடுங்கள். ஃபாஸ்டாக் கணக்கு நல்ல சாட்சிதான், ஆனால் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு டோல் கிடையாதே, மலை ட்ரிப் அதில் விழாது. டோல் கேட் உள்ள ஓமலூர், வைகுந்தம் பக்கம் ஓடியது மட்டும் தெரியும்.

ஒரு வண்டிக்கு ஒரு தாள் போதும். மாத ட்யூ (வண்டிக் கடன் தவணை) எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு, காலாண்டு வரி எவ்வளவு, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) என்றைக்கு முடிகிறது, வண்டி எத்தனை நாள் நின்றது. அவ்வளவுதான். இந்தத் தாளை வைத்துக்கொண்டு யோசித்தாலே எதைக் கேட்க வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது யாரிடம் கேட்பது. இங்கேதான் நாங்கள் மொத்தமாகக் கோட்டை விட்டோம். அப்போது முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி நம்ம மாவட்டக்காரர், அவருக்கு எழுதினால் எல்லாம் நடந்துவிடும் என்று கடன், வரி, டோல், டீசல் எல்லாவற்றையும் ஒரே மனுவில் போட்டு அனுப்பினோம். கடன் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டால் மாநில அரசு என்ன செய்யும்? அது ரிசர்வ் வங்கியும் மத்திய நிதி அமைச்சகமும் முடிவு செய்கிற விஷயம். எஃப்.சி., பர்மிட், லைசென்ஸ் கெடு நீட்டிப்பு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் செய்தது. 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான ஆவணங்களை ஜூன் 30 வரை செல்லும் என்று எடுத்துக்கொள்ளும்படி மார்ச் 30-ல் சொன்னார்கள், அப்புறம் தவணை தவணையாக நீட்டி 2021 அக்டோபர் 31 வரை கொண்டுபோனார்கள். டோல் நெடுஞ்சாலை ஆணையத்தின் பாடு. மார்ச் கடைசியில் நிறுத்தி ஏப்ரல் 20-ல் மறுபடி வசூலிக்க ஆரம்பித்தார்கள். டீசல் இரண்டு அரசுகளுக்கும் பொது, 2020 மே முதல் வாரத்தில் மாநிலம் வாட் வரியை ஏற்றியது, அதே வாரத்தில் மத்திய அரசு டீசலுக்குக் கலால் வரியை லிட்டருக்கு 13 ரூபாய் ஏற்றியது. வண்டியே ஓடாத மாதத்தில் இதைச் சண்டை போட்டுக் கேட்க எங்களுக்குத் தெம்பில்லை, அதை லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

சாலை வரி மாநிலத்துடையது. இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போக்குவரத்துத் துறைச் செயலாளர் என்று முகவரி எழுதினால் அது அரசு பஸ் கழகங்களைப் பார்க்கிற பக்கம் போகும். ஆர்டிஓ அலுவலகம், மோட்டார் வாகன வரி எல்லாம் தமிழ்நாட்டில் உள்துறையின் கீழ் வருகிறது. உள்துறைச் செயலாளருக்கு எழுதி, போக்குவரத்து ஆணையருக்கும் கலெக்டருக்கும் நகல் போடுங்கள். இன்னொன்று, காலாண்டு வரி கட்டும் வண்டி ஓடவில்லை என்றால் அதை முன்கூட்டியே ஆர்டிஓவுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அலுவலகம் பூட்டியிருந்தால் ஸ்பீட் போஸ்ட் (பழைய பதிவுத் தபால் 2025-ல் இதோடு இணைந்துவிட்டது). ஓடாத வண்டிக்கு வரி எதற்கு என்று பின்னால் வாதாடும்போது முதலில் கேட்கப்படுவது அந்தத் தாள்தான்.

எம்.பி.யைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறது, சேலத்தில் இல்லை. எங்களில் பாதிப் பேர் சேலம் எம்.பி. ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டோம்.

இப்போது முக்கியமான இடம், கடன். தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. கோபத்தில் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறோம். 2020 மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணையைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் அனுமதி கொடுத்தது, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. ஸ்டாண்டில் எல்லோரும் ஆறு மாத ட்யூ போச்சு என்று சந்தோஷப்பட்டோம். போகவில்லை, வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆறு லட்சம் பாக்கி, வருடத்துக்கு 14 சதவீத வட்டி என்று வையுங்கள். மாத வட்டி 7,000, ஆறு மாதத்துக்கு 42,000. அந்த வட்டியையும் அசலில் சேர்த்து மாதா மாதம் வட்டி போட்டால் இன்னொரு 1,244 ரூபாய் வரும். நாடே பேசிய "வட்டிக்கு வட்டி" என்பது இந்த 1,244 தான். இரண்டு கோடி வரையான கடன்களுக்கு அதை அரசே ஏற்றுக்கொள்வதாக 2020 அக்டோபரில் அறிவித்தார்கள், 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் யாரிடமும் வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்றது, ஆனால் முழு வட்டியைத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது. ஆக 42,000 அப்படியே நம் தலையில். என்னோடு ஓட்டுகிற ஒருவர் ஆறு மாதம் தள்ளிவைத்துவிட்டு, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து வந்த புது அட்டவணையைப் பார்த்து அரண்டுபோனார், கூடுதலாக ஏழெட்டு ட்யூ ஏறியிருந்தது.

அதனால் மனுவில் "கடனுக்கு நிவாரணம்" என்று எழுதாதீர்கள். வண்டி நின்ற மாதங்களுக்கான வட்டியில் இத்தனை பங்கை மானியமாக அரசு ஏற்க வேண்டும் என்று எழுதுங்கள், தொகையைப் போடுங்கள். வட்டி மானியம் என்பது அரசுக்குப் பழக்கமான சொல், விவசாயக் கடனில் வருடா வருடம் கொடுப்பதுதான்.

புதுசாக ஒன்றைக் கேட்பதைவிட வேறு எங்கோ கொடுத்ததைக் காட்டிக் கேட்பது சுலபம். ஆந்திராவில் சொந்த ஆட்டோ, டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு வருடம் 10,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் ஏற்கெனவே இருந்தது, 2020-ல் அதைச் சீக்கிரமே ஜூனில் கொடுத்தார்கள். கர்நாடகாவும் டெல்லியும் ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்களுக்கு 5,000 அறிவித்தன. தமிழ்நாட்டில் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்த ஆட்டோ ஓட்டுநர்களுக்கு 1,000 ரூபாயும் அரிசி, பருப்பும். பக்கத்து மாநிலத்துக் கணக்கைப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் உறுத்தும், உறுத்தட்டும்.

நலவாரியம் என்றதும் ஞாபகம் வருகிறது. எந்த உதவியும் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் வரும். 2021 ஜூன் 28-ல் மத்திய நிதி அமைச்சர் சுற்றுலாத் துறைக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் அறிவித்தார், ஏஜென்சிகளுக்கு 10 லட்சம் வரை, வழிகாட்டிகளுக்கு ஒரு லட்சம் வரை. நல்ல திட்டம்தான். ஆனால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சியாக இருக்க வேண்டும், அவர்கள் சொன்ன கணக்குப்படி நாடு முழுக்க அப்படி இருந்தது சுமார் ஆயிரம்! சேலம் ஜங்ஷன் வாசலிலும் அஞ்சு ரோட்டிலும் போர்டு மாட்டியிருக்கும் நம்ம டிராவல்ஸ் எல்லாம் எந்தக் கணக்கில் வரும்? ஆகவே இன்றைக்கே, நோய் நொடி எதுவும் இல்லாதபோதே, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) போட்டுவிடுங்கள், காசு கிடையாது. ஓட்டுநர்கள் நலவாரிய அட்டையைப் புதுப்பித்து வையுங்கள். இதைச் சொன்னால் ஸ்டாண்டில் யாரும் கேட்பதில்லை, அது வேறு கதை.

ஏற்காட்டுக்கென்று தனியாக ஒரு வாதம் இருக்கிறது, அதை விடாதீர்கள். 2020 செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் போய்வர இ-பாஸ் வேண்டாம் என்றார்கள், ஆனால் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போக மட்டும் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று வைத்தார்கள். 2021 ஏப்ரலில் மறுபடி இந்த மூன்று இடங்களுக்கும் சுற்றுலாப் பயணிகள் வரத் தடை. இரண்டு வருடமும் கோடை விழா இல்லை, மலர்க் கண்காட்சி இல்லை. சேலத்தில் கடைவீதி திறந்த பிறகும் இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே ஏரிக்கரை பஜ்ஜிக் கடை வரைக்கும் மூடித்தான் கிடந்தது. நோய் பரவாமல் இருக்க அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அரசு உத்தரவால் அதிக நாள் மூடிய இடத்துக்கு அதிக நாளுக்கான வரி விலக்கு என்பது நியாயமான கேள்வி. அந்த உத்தரவுகளின் தேதிகளை மனுவில் வரிசையாகப் போடுங்கள். லாட்ஜ்காரர்களையும் கடைக்காரர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம், அவர்களுக்கும் அதே தேதிகள்தான். சங்ககிரி லாரி உரிமையாளர்களைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அவர்கள் சங்கம் பெரிது, குரல் பெரிது, ஆனால் அத்தியாவசியச் சரக்கு லாரி ஓடிக்கொண்டிருந்தது, நம்முடையது நின்றது. சேர்த்து எழுதினால் நம்ம கோரிக்கை கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும்.

எழுதும் முறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மனு, ஒரு கோரிக்கை, ஒரு பக்கம். மேலே "பொருள்" என்று போட்டு எழுதும் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான இரு காலாண்டுகளுக்குச் சுற்றுலா மேக்சிகேப் வாகனங்களுக்குச் சாலை வரி விலக்கு கோருதல் தொடர்பாக." படித்தவுடனே எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கொடுக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். சாதாரண நாளில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் கையிலேயே கொடுக்கலாம். ஊரடங்கில் அந்தக் கூட்டத்தை நிறுத்திவிட்டு வாசலில் பெட்டி வைத்திருந்தார்கள், பெட்டியில் போட்ட மனுவுக்கு ஒப்புகை ஏது? அதனால் ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு ஒன்று, முதலமைச்சர் தனிப்பிரிவின் இணையதளத்தில் (2021-க்குப் பிறகு "முதல்வரின் முகவரி") ஒன்று. இணையத்தில் போட்டால் உடனே ஒரு மனு எண் வரும், அதை நோட்டில் எழுதி வையுங்கள், போனில் மட்டும் வைத்திருந்தால் போனோடு போய்விடும்.

ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஏன் செய்யவில்லை என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். இந்தத் தேதியிட்ட மனு இப்போது எந்தப் பிரிவில் உள்ளது, அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். எங்கள் இரண்டாவது மனுவுக்கு அப்படித்தான் ஒரு கோப்பு எண் கிடைத்தது. அடுத்த கடிதத்தில் பொருளுக்குக் கீழே "பார்வை" என்று போட்டு அந்த எண்ணை எழுதினோம், அதற்கு வந்த பதில் ஒன்றரைப் பக்கம் இருந்தது.