காரைக்குடி சுத்திப் பாக்க வாடகை கார் எடுக்குறீங்களா, சைஸ் பாத்து எடுங்க

திருச்சிலயோ மதுரைலயோ எறங்கி செல்ஃப் டிரைவ் கார் எடுக்குறவங்க மொதல்ல ஆள எண்ணுவாங்க, நான் சொல்றது பெட்டிய எண்ணுங்க. ரெண்டு ஊர்லேந்தும் காரைக்குடி சுமாரா 90 கிமீ, மடியில பைய வச்சுட்டு உக்காந்தா முட்டி போயிரும்.

ரெண்டே பேர், ரெண்டு சின்ன பைன்னா ஆல்டோ கே10 போதும், டிக்கி 214 லிட்டர்தான். நாலு பேர்னா வேகன்ஆர் எடுங்க, 341 லிட்டர், கூரையும் ஒசரம், ஆச்சிய கூட்டிட்டு பிள்ளையார்பட்டி குன்றக்குடின்னு அஞ்சாறு தடவ ஏறி எறங்கணும்னா குனியாம ஏறுறதுதான் பெரிய விஷயம். டிசையர்ல டிக்கி இன்னும் பெருசு, ஆனா சீட் தாழ்வு, முட்டி வலிக்காரங்க திட்டுவாங்க. ஏழு சீட்டு எர்டிகான்னு ஆசப்படாதீங்க, மூணாவது வரிசையில ஆள் உக்காந்துட்டா டிக்கி வெறும் 209 லிட்டர்!

புக் பண்றப்பவே கேஸ்ல ஓடுற சிஎன்ஜி வண்டியான்னு கேட்டுக்கங்க, நான் கேக்காம எடுத்து மாட்டுனேன், டிக்கி பூரா சிலிண்டர், சீப்பு சீடை டப்பாவெல்லாம் கால் கீழ வச்சுட்டு வந்தோம்.

கானாடுகாத்தான் பக்கம் தெருவெல்லாம் நல்ல அகலம், அதனால பார்க்கிங்குக்காக ரொம்ப சின்ன வண்டி எடுக்க வேண்டியதில்ல. ஆத்தங்குடி டைல்ஸ் வாங்குற ஐடியா இருந்தா அத லாரில போட சொல்லுங்க, சிமெண்ட் கல்லு, சின்ன கார் தாங்காது.

நம்பர் பிளேட் கருப்புல மஞ்ச எழுத்தா இருக்கான்னு பாத்துக்கங்க, அதான் செல்ஃப் டிரைவுக்கு முறையான வண்டி.