பாக்கெட்டைத் திருப்பு! பிள்ளைகளுக்கு உணவு லேபிள் படிக்கச் சொல்லித் தருவது எப்படி?

புரதம், கொழுப்பு, மாவுச்சத்து எல்லாம் பிள்ளைகள் பாடத்தில் படித்துவிடுகிறார்கள். பரீட்சையில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் கையில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். பெருக்கல், வகுத்தல் தெரிந்த பிள்ளைக்கு இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

தேவையானவை: ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட், ஒரு நூடுல்ஸ் பாக்கெட், ஒரு மாம்பழ பானம், சர்க்கரை டப்பா, டீஸ்பூன், ஒரு தட்டு.

படி 1: முன்பக்கத்தை மறந்துவிடச் சொல்லுங்கள்

முன்பக்கம் விளம்பரம், அவ்வளவுதான். அங்கே இருக்கும் பச்சைப் புள்ளியை மட்டும் விளக்கிவிடுங்கள். 'பச்சை என்றால் உடம்புக்கு நல்லது' என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. அது சைவம் என்பதற்கான குறி மட்டுமே. சிப்ஸ் பாக்கெட்டிலும் அதே பச்சைப் புள்ளி இருப்பதைக் காட்டினால் சட்டென்று புரிந்துவிடும்.

படி 2: சேர்மானப் பட்டியலில் முதல் மூன்று

எது எடையில் அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. அதனால் முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். 'கோதுமை பிஸ்கட்' என்று வாங்கியதில் 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்' முதலில் இருந்தால் அது மைதா. லேபிள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த மாதிரி நாலைந்து பெயர்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் மூன்றும் சர்க்கரைக் குடும்பம்தான். வெல்லம் போட்டது என்று பெருமையாக அச்சடித்திருந்தாலும் அதுவும் அதே கணக்கில்தான் சேரும். பாட்டி ஒப்புக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

படி 3: சர்க்கரையைத் தட்டில் கொட்டுங்கள்

இதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊட்டச்சத்து அட்டவணையில் 'ஆடட் சுகர்ஸ்' (தனியாகச் சேர்த்த சர்க்கரை) என்ற வரியைப் பிள்ளையே தேடட்டும். உதாரணத்துக்கு, 100 கிராமுக்கு 36 கிராம் என்று இருக்கிறது, பாக்கெட் 75 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 36-ஐ 75-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 27 கிராம். ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம் என்றால் கிட்டத்தட்ட 7 ஸ்பூன். அதைப் பிள்ளையின் கையாலேயே தட்டில் அளந்து போடச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் பேசாதீர்கள். 'இவ்வளவா!' என்பது அங்கிருந்து வரட்டும்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பக்கத்திலேயே, ஒரு நாள் அளவில் இது எத்தனை சதவீதம் என்ற கணக்கு ஒன்று சின்னதாகத் தெரியும். அது முழு பாக்கெட்டுக்கானது இல்லை, ஒரு 'சர்வ்' அளவுக்கானது, அதாவது ஒரு தடவை சாப்பிடுவதாகக் கம்பெனி கணக்கு வைக்கும் அளவு. சர்வ் 25 கிராம் என்றால் இந்தப் பாக்கெட்டில் மூன்று சர்வ். எந்தப் பிள்ளை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துகிறது? போதாததற்கு, அந்தச் சதவீதம் ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி, 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற பெரியவர்கள் அளவை வைத்துப் போட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு தேவையில்லை.

படி 4: சோடியத்தை உப்பாக்குங்கள்

அட்டவணையில் இருக்கும் சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். நூடுல்ஸ் பாக்கெட்டில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

படி 5: பானங்கள்

மாம்பழ பானத்தில் பழக்கூழ் எத்தனை சதவீதம் என்று தேடச் சொல்லுங்கள். பட்டியலில் தண்ணீர் முதலில் நிற்கும். பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களையும் விடாதீர்கள். அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024-ல் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. 2025-ல் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில், எதில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று காட்டும் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னதும் இதே கவலையில்தான்.

கலோரி வரியை நான் பிள்ளைகளிடம் தொடுவதே இல்லை. வளரும் வயதில் சாப்பாட்டை எண்ணி எண்ணிப் பயப்பட வைப்பது வேறு வம்பு.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரே விலையில் இரண்டு பிஸ்கட்டைக் கையில் கொடுத்து, 100 கிராம் கணக்கை மட்டும் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். எல்லாம் பார்த்துவிட்டு கிரீம் பிஸ்கட்டையே கேட்டால் வாங்கிக் கொடுங்கள், சின்ன பாக்கெட்டாக.