உங்கள் ஊர் விபத்துக் கணக்கை நீங்களே எழுதுவது எப்படி

திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விபத்து இழப்பீட்டு வழக்குப் போட வருகிற குடும்பங்கள் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் என் கடை பெஞ்சில்தான் உட்காருவார்கள். எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பி, பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி மூன்று செட் எடுத்துக் கொடுப்பேன். 2016-இல் ஒருமுறை, ஒரே வாரத்தில் வந்த இரண்டு குடும்பங்களின் எப்.ஐ.ஆரிலும் சம்பவ இடம் ஒரே வளைவாக இருந்தது. அதே மாதம் ஒரு கூட்டத்தில், "மாவட்டத்தில் விபத்து கடந்த ஆண்டைவிடக் குறைந்துள்ளது" என்று ஓர் அதிகாரி வாசித்தார். அவர் சொன்னது பொய் இல்லை. மாவட்டத்தில் குறைந்திருக்கும், எங்கள் வளைவில் கூடியிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். இன்றுவரை எழுதுகிறேன். அதை நீங்களும் எப்படி எழுதலாம் என்று சொல்கிறேன்.

முதலில் எந்தச் சாலை, எங்கிருந்து எங்கே வரை என்று முடிவு செய்யுங்கள். ஊர் முழுக்க எழுத நினைத்தால் இரண்டு மாதத்தில் கைவிட்டுவிடுவீர்கள். ஐந்து கிலோமீட்டர் போதும். அப்புறம் அந்தச் சாலை யாருடையது என்று பாருங்கள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ இருந்தால் மாவட்டச் சாலை, ஆரஞ்சு இருந்தால் கிராமச் சாலை. கடைசியில் மனுவை யாருக்குக் கொடுப்பது என்பதை இந்த நிறம்தான் தீர்மானிக்கும். அதனால் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

நோட்டில் ஒரு விபத்துக்கு ஒரு வரி. தேதி, கிழமை, மணி. இடத்தைக் கிலோமீட்டர் கல் எண்ணோடு எழுதவேண்டும். "பெட்ரோல் பல்க் பக்கம்" என்று எழுதினால் பத்து வருடம் கழித்து அந்தப் பல்க் இருக்காது. என்னென்ன வண்டி. அதைவிட முக்கியம், மோதும்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது: சாலையைக் கடந்தார்களா, ராங் சைடில் வந்தார்களா, நின்ற லாரியின் பின்னால் போய் மோதினார்களா, ஆடு குறுக்கே வந்ததா. பேப்பரில் "அதிவேகம், அஜாக்கிரதை" என்று ஒரே வார்த்தைதான் இருக்கும். அதை வைத்து ஒரு சாலையையும் சரி செய்ய முடியாது. அப்புறம் விளக்கு எரிந்ததா, ஹெல்மெட் போட்டிருந்தார்களா, காயமா, கொடுங்காயமா (எலும்பு முறிவு மாதிரி பெரிய காயம்), உயிரிழப்பா. கடைசிக் கட்டத்தில் காவல் நிலையமும் குற்ற எண்ணும், அதாவது எப்.ஐ.ஆர். எண்ணும். பெயர் எழுதாதீர்கள். நான் ஒரு பெயர்கூட எழுதியதில்லை. அது அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமானது. நமக்கு வேண்டியது இடமும் நேரமும்தான்.

விவரம் எங்கே கிடைக்கும்? பேப்பரும் டீக்கடையும் ஆரம்பத்துக்குச் சரி, ஆனால் பாதிதான் வரும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், வருடம் கொடுத்து எப்.ஐ.ஆரைப் பார்க்கலாம். பழைய வருடங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். வரவில்லை என்றால் அதே சட்டத்தின் பிரிவு 19(1)-இல் மேல்முறையீடு செய்யலாம். இங்கே என் அனுபவம் ஒன்று. "விபத்துகள் பற்றிய அனைத்து விவரங்களும் தருக" என்று கேட்டால், தொகுத்துத் தர இயலாது என்று ஒரு வரியில் பதில் வரும். சின்னதாகக் கேளுங்கள். ஒரே காவல் நிலையம், ஐந்து காலண்டர் வருடம், வருடவாரியாக சாலை விபத்து வழக்குகளின் குற்ற எண், தேதி, இடம், சட்டப்பிரிவு. அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து நால்வழிச்சாலையில் மூன்றடைப்பு, நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று காவல் நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. நீங்கள் எடுத்த ஐந்து கிலோமீட்டரில் இரண்டு நிலையங்களின் எல்லை வந்தால் இரண்டு மனு போடுங்கள். பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, மேலப்பாளையம், டவுன் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவேண்டியது வேறு: அங்கே மாநகரக் காவல் தனி, மாவட்டக் காவல் தனி. "திருநெல்வேலியில் இத்தனை விபத்து" என்று ஒரு எண்ணைப் பார்த்தால், எந்தத் திருநெல்வேலி என்று முதலில் கேளுங்கள்.

சட்டப்பிரிவு ஏன் வேண்டும் என்றால், அதில்தான் யார் பிழைத்தார், யார் இறந்தார் என்பது இருக்கிறது. 2024 ஜூன் 30 வரை இந்திய தண்டனைச் சட்டம். வேகமாக ஓட்டியதற்கு 279, காயத்துக்கு 337, கொடுங்காயத்துக்கு 338, உயிரிழப்புக்கு 304(ஏ). ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. அதே வரிசையில் 281, 125(ஏ), 125(பி), 106(1). மனுவில் பழைய பிரிவை மட்டும் எழுதினால் 2024-இன் பின்பாதியில் ஊரில் விபத்தே நடக்காத மாதிரி பதில் வரும்.

இன்னொரு விஷயம், இதில்தான் நான் ஆரம்பத்தில் தவறினேன். எங்கள் பக்கம் அடிபட்டவர்களைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்துக்கோ கொண்டுபோவார்கள். எப்.ஐ.ஆர். கொடுங்காயம் என்று போட்டிருக்கும். ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோவார். காவல் நிலையத்தில் பிரிவை மாற்றி அறிக்கை அனுப்புவார்கள், ஆனால் நான் முதல் நாளே "கொடுங்காயம்" என்று எழுதி அந்த வரியை மூடியிருப்பேன். அந்த வீட்டு அம்மா இழப்பீட்டுக்குத் தாளோடு வந்து உட்காரும்போதுதான் தெரியும். அரசுக் கணக்கில் விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலை விபத்துச் சாவு. அதனால் நீங்களும் எந்த வரியையும் 30 நாள் பென்சிலில் வைத்திருங்கள். ஒரு மாதம் கழித்து விசாரித்துவிட்டு மையால் எழுதுங்கள்.

சரி, மூன்று நான்கு வருடக் கணக்கு சேர்ந்துவிட்டது. இனி வருடத்தோடு வருடத்தை ஒப்பிடவேண்டும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. ஆலங்குளம், சங்கரன்கோவில், குற்றால சீசன் கூட்டம், புளியரை வழியாகப் போகிற கேரளா லாரிகள் எல்லாம் அதோடு போயின. அதற்கு முந்தைய திருநெல்வேலி மாவட்டக் கணக்கையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பாதியாகக் குறைந்தது" என்று யாராவது சொன்னால், குறைந்தது விபத்து இல்லை, மாவட்டம். காவல் நிலையக் கணக்குக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதனால்தான் அதைக் கேட்கச் சொன்னேன். 2020-ஐயும் தனியாக வையுங்கள். மார்ச் 25-லிருந்து ஊரடங்கு. அந்த வருடத்தை அடிப்படையாக வைத்தால் அதற்குப் பிறகு வரும் எந்த வருடமும் ஏறின மாதிரிதான் தெரியும்.

விபத்து எண்ணிக்கையும் சாவு எண்ணிக்கையும் வேறு வேறு. 2022-இல் நாட்டிலேயே அதிக விபத்து பதிவானது தமிழ்நாட்டில், 64,105. ஆனால் அதிகம் பேர் இறந்தது உத்தரப்பிரதேசத்தில். அங்கே 41,746 விபத்தில் 22,595 பேர், இங்கே 17,884 பேர். சின்ன விபத்தையும் ஒழுங்காகப் பதிவு செய்கிற இடத்தில் எண்ணிக்கை கூடுதலாகத் தெரியும். அது கெட்ட செய்தி ஆகாது. உங்கள் நோட்டில் உயிரிழப்பும் கொடுங்காயமும் சேர்ந்த ஒரு கூட்டல், மற்றதெல்லாம் ஒரு கூட்டல் என்று இரண்டாகப் போடுங்கள். முதல் கூட்டல்தான் நம்பக்கூடியது.

அடுத்தது சின்ன எண்ணின் ஆட்டம். உங்கள் ஐந்து கிலோமீட்டரில் ஒரு வருடம் 4, அடுத்த வருடம் 7 என்று வைத்துக்கொள்வோம். பேப்பரில் 75 சதவீதம் உயர்வு என்று வரும். ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். மூன்று மூன்று வருடமாகக் கூட்டிப் பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் அப்படித்தான் பார்க்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று காலண்டர் வருடத்தில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்து நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அது கரும்புள்ளி. கிலோமீட்டர் கல் எண் எழுதச் சொன்னது இதற்குத்தான். "எங்க ஊர்ல அடிக்கடி விபத்து நடக்கு சார்" என்று சொன்னால் தலையாட்டுவார்கள். இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவே, இந்த மூன்று வருடத்தில், இந்தக் குற்ற எண்கள் என்று தாளை நீட்டினால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அப்புறம் மணியையும் மாதத்தையும் பாருங்கள். நாடு முழுக்கவே மாலை 6 முதல் 9 வரைதான் விபத்து அதிகம். எங்கள் பக்கம் அந்த நேரம் தோட்டத்து வேலை முடித்துத் திரும்புகிறவர்கள், சுற்றிய பீடியைப் பீடிக் கடையில் கொடுத்துவிட்டுச் சாலையோரமாக நடந்து வருகிற பெண்கள், பால் கேனோடு டூவீலர்கள், எல்லோரும் ஒரே இருட்டில் இருப்பார்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் பைக்கையே தள்ளும். லாரியைத் தாண்டி வெளியே வருகிற நொடியில் அந்தக் காற்று பக்கவாட்டில் அடிக்கிறதை ஓட்டினவர்களுக்குத் தெரியும். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயிலுக்கு லோடு ஆட்டோவில் குடும்பமே ஏறிப் போகும். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவில் நடப்பார்கள். இந்த நாட்களை நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்தால், பங்குனி உத்திரம் மார்ச்சில் வந்ததா ஏப்ரலில் வந்ததா என்று பார்க்காமல் இரண்டு வருட மார்ச்சை ஒப்பிடும் தப்பு நடக்காது.

இதெல்லாம் முடிந்ததும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். பகலில் ஒரு தடவை, விபத்து அதிகம் நடந்த அதே மணியில் ஒரு தடவை. நான் எங்கள் வளைவில் சாயங்காலம் ஏழு மணிக்கு நின்றேன். கூட என் கொழுந்தன் வந்திருந்தார். "மைனி, வண்டி சத்தம் கேட்குது, லைட் தெரியலையே" என்றார். உண்மைதான். வளைவின் உள்பக்கம் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, எதிரே வருகிற வெளிச்சத்தை மறைத்திருந்தது. எத்தனை எப்.ஐ.ஆர். டைப் அடித்தும், அங்கே நிற்காமல் எனக்கு அது தெரியவில்லை.

மனுவில் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள். பாலம், விளக்கு, வேகத்தடை, சிக்னல் என்று நாலும் கேட்டால் நாலுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று வரும். முள்ளை வெட்டுங்கள், அல்லது மினுக்கும் மஞ்சள் விளக்கு (பிளிங்கர்) வையுங்கள், அல்லது நடுத்தடுப்பில் வண்டி திரும்புகிற இந்த இடைவெளிக்கு முன்னால் ரம்பிள் ஸ்ட்ரிப் (வண்டியை அதிரவைக்கும் வரிக்கோடுகள்) போடுங்கள். மஞ்சள் கல் என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கு, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கு, ஊராட்சித் தெருவிளக்கு என்றால் ஊராட்சிக்கு. நகலை மாவட்ட ஆட்சியருக்குக் கொடுங்கள், சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே போய்விடுங்கள். ரசீது எண்ணை நோட்டின் பின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். கிராம சபையில் ஒரு தீர்மானமும் போட்டு வைத்தால் மனுவுக்குக் கனம் கூடும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் அதற்கு வாய்ப்பான நாட்கள்.

வேலை நடந்துவிட்டால் நோட்டை மூடிவிடாதீர்கள். மோசமான ஒரு வருடத்துக்குப் பிறகு எதுவும் செய்யாமலே கொஞ்சம் குறைவதுண்டு, அதை நம் வெற்றி என்று எழுதக்கூடாது. இன்னும் மூன்று வருடம் எண்ணிப் பாருங்கள். நடுத்தடுப்பின் பக்கத்து இடைவெளியையும் சேர்த்து எண்ணுங்கள், ஒன்றை அடைத்தால் வண்டிகள் அடுத்ததில் திரும்ப ஆரம்பிக்கும். எங்கள் வளைவில் முள்ளை வெட்டினார்கள். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழையில் அது மறுபடி தழைத்தது. வேரோடு எடுக்கச் சொல்லி இரண்டாவது மனு கொடுத்திருக்கிறேன். மார்கழி பிறந்ததும் ஒரு சாயங்காலம் அங்கே போய் நின்று பார்ப்பதை ஒவ்வொரு வருடமும் வழக்கமாக வைத்திருக்கிறேன்.