முனுசாமியை எப்படித் தேடுவது: டர்பன் செய்தியாளர்களுக்கு ஓர் இணைய வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செய்தித்தாளுக்கு எழுதத் தொடங்கும் இளையவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலைப் பற்றியும், 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றியும் எழுதும்போது, ஒரு குடும்பம் வழிவழியாகச் சொல்லிவரும் கதையை இணையத்தில் எங்கே சரிபார்ப்பது என்பதே அது. தவறான ஒரு பெயரை அச்சேற்றிவிட்டு, மறுவாரம் திருத்தம் வெளியிட்ட பிறகே நான் இதற்கு விடை கற்றேன். மேற்கோள் குறிக்குள் சொற்களை இட்டுத் தேடுவதும், ஒரே தளத்துக்குள் தேடலைச் சுருக்குவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி கணினியில் இல்லை. அந்தக் குடும்பத்தின் வீட்டில் இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஓர் ஆயா, பிஸ்கட் டின்னுக்குள் நான்காக மடித்து வைத்திருந்த பழுப்பேறிய தாள் ஒன்றை என்னிடம் காட்டினார். அதன் மேல்மூலையில் இருந்த எண்ணை ஏதோ கோப்பு எண் என்று நினைத்து நான் குறித்துக்கொள்ளவில்லை. அதுதான் முனுசாமி என்ற அவருடைய தாத்தா வந்திறங்கியபோது அவருக்கு வழங்கப்பட்ட குடியேற்ற எண். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் அப்படி ஓர் எண் உண்டு. பெயர் எத்தனை விதமாகச் சிதைந்தாலும் எண் மாறுவதில்லை. ஆகவே வேறு எதைக் கேட்க மறந்தாலும் எண்ணைக் கேட்க மறவாதீர்கள்.

இரண்டாவது படி கப்பல் பட்டியல்கள். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் இவற்றைப் பேணிவருகிறது. எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, ஊர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி இருக்கும். நான் இடறி விழுந்த இடம் இதுதான். இன்று நம்மிடையே வழங்கும் குடும்பப் பெயரைக் கொண்டு தேடினேன், பயனில்லை. கவுண்டர் கோவெண்டராகவும் முதலியார் மூட்லியாகவும் நிலைபெற்றது இங்கே குடும்பப் பெயர் கேட்கும் படிவங்கள் வந்த பிறகுதான். பட்டியலில் பெயருக்கான கட்டத்தில் இருப்பது முனுசாமி, முனியன், லட்சுமி போன்ற ஆளின் சொந்தப் பெயரே.

அந்தப் பெயரையும் எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதினார். முனுசாமியின் முதல் உகரத்துக்கு ஒருவர் 'யூ' என்ற எழுத்தைப் போட்டார், மற்றொருவர் 'ஓ'வை இரட்டித்தார். நடுவிலுள்ள உகரத்தைச் சிலர் விட்டே விட்டார்கள். இன்றைக்கும் முன்சாமி, மூன்சாமி என்று தனித்தனிக் குடும்பப் பெயர்கள் இங்கே இருப்பது இதனால்தான். எனவே தேடும் முன் ஒரு விரிதாளைத் திறந்து, பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்து, ஆங்கிலத்தில் எழுதக்கூடிய எல்லா வடிவங்களையும் ஒரு நெடுவரிசையில் எழுதுங்கள்: தகரத்துக்குப் பின் 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும், பகரத்துக்கு ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தான 'பி'யை இட்டும், னகர ஈற்றை 'இஎன்' என முடித்தும். குறிப்பெடுக்க எத்தனையோ செயலிகள் இருந்தாலும், வரிசைப்படுத்தவும் வடிகட்டவும் முடிகிற விரிதாளையே நான் நம்புகிறேன்.

பெயர் கிடைத்தவுடன் மகிழ்ந்துவிடாதீர்கள். நான் கண்டெடுத்த முனுசாமிக்குப் பெயரும் ஜில்லாவும் பொருந்தின, ஊர் பொருந்தவில்லை. எழுத்தர் ஊரைப் பிழையாக எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டுரை வெளியான அன்று மாலையே ஆயா தொலைபேசியில் அழைத்து, "அது எங்க தாத்தா இல்லையே, தம்பி" என்றார். அன்று முதல் பெயரோடு தந்தை பெயர், வயது, ஊர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டேனும் ஒத்துவராமல் நான் எதையும் எழுதுவதில்லை.

மூன்றாவது படி தேசிய ஆவணக் காப்பகத்தின் நேயர்ஸ் எனப்படும் இணையத் தேடல் அமைப்பு. இங்கே கிடைப்பது ஆவணமன்று, ஆவணத்தைப் பற்றிய குறிப்பு மட்டுமே. காப்பகம், தொகுதி, மேற்கோள் எண், ஆண்டு என்று திரையில் வரும் வரிகளை ஒன்றுவிடாமல் படியெடுத்துக்கொண்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் நகல் கேட்க வேண்டும்.

அன்றாடச் செய்திக்கு இவ்வளவு பாடு இல்லை. நாடாளுமன்றக் குழுக் கூட்டங்களின் பதிவுகளுக்கு பி.எம்.ஜி. தளமும், தீர்ப்புகளின் முழு வடிவத்துக்கு சாஃப்லி தளமும், நகராட்சிகளின் வரவு செலவுக்கு தேசியக் கருவூலத்தின் முனிசிபல் மணி தளமும் போதும். தீர்ப்பைப் பற்றிப் பிற நாளிதழ்கள் எழுதியதை மேற்கோள் காட்டுவதை விட, தீர்ப்பையே பத்தி எண்ணோடு படிப்பது மேல். அலுவலகம் ஒன்று தகவல் தர மறுத்தால், 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி எழுத்தில் விண்ணப்பியுங்கள்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி, அந்தக் கெடுவை ஒருமுறை நீட்டிக்கவும் இடமுண்டு. ஊடக உலகில் நடப்பதை அறிய எத்தனையோ மடல்கள் வந்தாலும், பத்திரிகை மன்றம் தன் தளத்தில் வெளியிடும் முறையீட்டுத் தீர்ப்புகளையே நான் விடாமல் படிக்கிறேன். ஒரு செய்தி எந்த இடத்தில் சறுக்கியது என்று வரி வரியாகச் சொல்பவை அவை.

ஆதாரமாகக் கொள்ளும் எந்தப் பக்கத்தையும், இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அன்றே சேமித்துவிடுங்கள். திரையைப் படமெடுத்து (ஸ்கிரீன்ஷாட்) வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். உங்கள் கைபேசியில் இருக்கும் படத்தை ஆசிரியர் நம்பலாம், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நம்பமாட்டார்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இருவர், நேயர்ஸில் எதுவுமே கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். தேடுவதற்கு முன் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் கேப் டவுன் காப்பகத்துக்குரியதைத் தேர்ந்திருந்தார்கள். நேட்டாலுக்கு என்.ஏ.பி. (NAB) என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். வேறொருவர், தம் பூட்டனார் எந்தக் கப்பல் பட்டியலிலும் இல்லை என்றார். விசாரித்ததில் அவர் சொந்தச் செலவில் வந்த வணிகர் என்று தெரிந்தது. அப்படி வந்தவர்கள் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். நேட்டாலிலேயே பிறந்தவர்களும் அதில் வரமாட்டார்கள் என்பதால், அவர்கள் விஷயத்தில் பெற்றோரின் எண்ணிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.