உட்கார்ந்தே பழகிய உடம்பை நடக்க வைப்பது எப்படி?

புதுக் காலணி வாங்கிய கையோடு, முதல் நாளே தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஓடக் கிளம்புகிறவர்கள் உண்டு. அந்த வாரம் முடிவதற்குள் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் கிடப்பார்கள். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுகிறவன். காலையில் நாற்காலியில் அமர்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவேன். பல ஆண்டுகள் அப்படி இருந்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு நடக்கத் தொடங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: முதல் ஒன்றரை மாதத்தைக் கால்களின் பேருக்கே எழுதி வைத்துவிடுங்கள். எடையின் பேச்சைப் பிறகு எடுக்கலாம்.

காரணம் இருக்கிறது. மூச்சு சீக்கிரம் தேறிவிடும். தசைநாண்களும் மூட்டுகளும் மெதுவாகத்தான் வலுப்பெறும். மூச்சுத் தாங்குகிறதே என்று வேகத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் குதிகால் வலி வருகிறது.

வில்லங்கச் சான்று பார்க்காமல் மனை வாங்காதவர்கள்கூட, உடம்பைப் பார்க்காமல் ஓடத் துணிகிறார்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் முதலில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சை இறுக்கினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, தலை சுற்றினாலோ உடனே உட்கார்ந்து, அருகில் இருப்பவரை அழையுங்கள். வாயுத் தொல்லை என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம்.

இனி நடை. முதல் இரண்டு வாரம் நாளுக்குப் பத்தே நிமிடம். கேவலமாகத் தோன்றும், தோன்றட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் ஆறாம் வாரம் அரை மணியைத் தொட்டுவிடலாம். வாரத்தில் ஐந்து நாள் அப்படி நடந்தால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். வேகத்தை அளக்கக் கைக்கடிகாரக் கருவி எதுவும் வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்.

இடம் முக்கியம். மஞ்சக்குப்பம் மைதானம் போலச் சமதளமாக இருப்பது நல்லது. கடற்கரைக்குத்தான் போவேன் என்றால் சாலையோடு நில்லுங்கள். உலர்ந்த மணலில் கால் புதையும். ஒவ்வோர் அடிக்கும் கெண்டைக்கால் இரட்டை வேலை செய்யும். அலை நனைத்த மணல் கெட்டிதான், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே போகும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். ரப்பர் செருப்பில் நடக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் வீடு திரும்பியதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்; கொப்புளம் வந்ததே தெரியாமல் போகலாம். விடியலில் தெருநாய்கள் தங்கள் எல்லையை மிகக் கறாராகக் காக்கும். கையில் ஒரு குச்சி இருந்தால் தைரியம்.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். கை வைக்காத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதி இருக்கையில் உட்கார்ந்து, இரு கைகளையும் மார்பின் குறுக்கே மடக்கிக்கொண்டு, குதிகாலில் அழுத்தி எழுங்கள். உட்காரும்போதுதான் விஷயம் இருக்கிறது: பொத்தென்று விழாமல், மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். எட்டு முறை முடிந்தால் போதும். பிறகு சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து, மார்பைச் சுவரருகே கொண்டுபோய்த் தள்ளி மீள்வது எட்டு முறை. பிளாஸ்டிக் நாற்காலியில் இதைச் செய்யாதீர்கள், வழுக்கிவிடும்.

நடை முடிந்ததும் டீக்கடையில் கூடுகிற கூட்டத்தைப் பற்றி என்ன சொல்ல! அரை மணி நடையில் செலவாவது ஏறக்குறைய 100 முதல் 150 கலோரி. ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் அதை அங்கேயே வரவு வைத்துவிடும். சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் பொரியலை வையுங்கள். முதுநகர் மீனை விடுவதற்கு எனக்கே மனம் வராது. வறுவலுக்குப் பதில் குழம்பாகச் சாப்பிடுங்கள்.

எடை பார்க்கும் எந்திரத்தில் தினமும் ஏறாதீர்கள். வாரம் ஒரு நாள், காலையில், சாப்பிடுவதற்கு முன். தொடக்கத்தில் முள் அசையாமல் இருக்கலாம், கொஞ்சம் ஏறவும் செய்யலாம். புதிதாக வேலை செய்யும் தசை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூச்சை வெளியே விட்ட நிலையில் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து குறித்து வையுங்கள். நம் நாட்டவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. கால் பழகிய பிறகு, வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம்.

அக்னி நட்சத்திரத்தில் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடை நிச்சயம் தடைபடும். அந்த நாட்களில் வீட்டுக் கூடத்திலேயே சுற்றி வரலாம், நாற்காலிப் பயிற்சியும் இருக்கிறது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுநாள் இரண்டு மடங்கு நடக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனாலோ, காய்ச்சலில் படுத்து எழுந்தாலோ, முன்பு நடந்த நேரத்தில் பாதியிலிருந்து தொடங்கி மறுபடியும் வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள்.