சிறு கடைகளைத் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: புதுச்சேரி, கடலூர் அனுபவத்திலிருந்து

கடலூரிலிருந்து பேருந்து ஏறி முள்ளோடையைத் தாண்டிவிட்டால் புதுச்சேரி வெகு தூரமில்லை. சனிக்கிழமை காலையில் கிளம்பி, மிஷன் வீதியில் தொடங்கி ஒயிட் டவுன் வரை நடந்து, இரண்டு பீங்கான் கோப்பைகளும் குழந்தைக்கு ஒரு கவுனும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிற குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. அப்படி வாங்கியவை எல்லாம் நிலைப்பதில்லை. கவுன் இரண்டாவது சலவையிலேயே வெளுத்துவிடுகிறது. கோப்பையின் பூச்சில் மயிரிழை போல வெடிப்பு ஓடுகிறது. உடனே, சின்னக் கடை என்றால் இப்படித்தான் என்ற முடிவுக்கு வந்து, அடுத்த முறை பெரிய ஜவுளிக்கடைக்கே போய்விடுகிறோம். என் அனுபவத்தில் பெரும்பாலும் தவறு கடையின் அளவில் இருப்பதில்லை, நாம் கடையைத் தேடிய விதத்தில்தான் இருக்கிறது.

தனியார் ஒருவர் நடத்தும் சிறு கடைக்கு என்று ஒரு பெரும் பலம் இருக்கிறது. பொருளைச் செய்தவரோ, செய்தவரை நேரில் அறிந்து வாங்கி வந்தவரோ அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்; அவரிடம் கேட்கலாம். அந்தப் பலத்தைப் பயன்படுத்தாமல் வெறும் அழகை மட்டும் பார்த்து வாங்கித் திரும்புவதிலிருந்துதான் மற்றத் தவறுகள் எல்லாம் கிளைக்கின்றன.

முகப்பை நம்புவது

மஞ்சள் சுவர், மேலே படர்ந்த காகிதப்பூ, பழைய மரக்கதவு, உள்ளே மங்கலான விளக்கு. இவை இருந்தால் அங்கே விற்பது எல்லாம் கையால் செய்ததாகத்தான் இருக்கும் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் அந்தக் கடையின் அச்சுத்துணி ஜெய்ப்பூர் மொத்தச் சந்தையிலிருந்தும், பீங்கான் உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவிலிருந்தும், குழந்தைகளின் பனியன் திருப்பூரிலிருந்தும் வந்திருக்கலாம். அதில் குற்றமொன்றும் இல்லை. குர்ஜாப் பீங்கானும் நல்ல பீங்கான்தான். ஆனால் வேறு இடங்களிலும் கிடைக்கிற ஒன்றை இந்த ஊர்க் கைவேலை என்று நினைத்து இரட்டிப்பு விலை கொடுப்பதுதான் நஷ்டம்.

இதைத் தெரிந்துகொள்ள இரண்டு கேள்விகள் போதும் என்பது என் அனுபவம். இதைச் செய்தது யார்? இதே நிறத்தில் இன்னும் நான்கு வேண்டுமென்றால் எத்தனை நாளாகும்? பொருளைப் பற்றி அறிந்த கடைக்காரர், எந்த ஊர், எந்தப் பட்டறை, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று தயங்காமல் சொல்வார். அடுத்த சூளை எப்போது வைப்பார்கள் என்றும், இதே நிறம் அப்படியே திரும்ப வராது என்றும் சேர்த்துச் சொல்வார். ‘எல்லாம் ஹேண்ட்மேட்தான்’ என்று மட்டும் பதில் வந்தால், விலையை அதற்கேற்ப எடை போட்டுக்கொள்ளுங்கள்.

வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும் தேடுவது

புதுச்சேரியை வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கடற்கரைப் பக்கத்து வீதிகளோடு நின்றுவிடுகிறார்கள். கைபேசியில் படம் பார்த்து வருகிறவர்களுக்கும் அந்தப் பக்கத்துக் கடைகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன, ஏனென்றால் படம் எடுக்க வசதியான கடைகள் அங்கேதான் இருக்கின்றன. வாய்க்காலுக்கு மேற்கே, நேரு வீதியிலிருந்து பிரியும் சந்துகளிலும் பெரிய மார்க்கெட்டைச் சுற்றியும் இருக்கிற பாத்திரக் கடை, பாய்க் கடை, நூல் கடை, தையற்கடை எதற்கும் அலங்கார முகப்பு கிடையாது. பாவாடை சட்டைக்கு அளவெடுத்து, வளர்கிற பிள்ளை என்று கேட்காமலேயே உள்ளே இரண்டு அங்குலம் மடித்துத் தைத்துக் கொடுக்கிற தையற்காரரை நான் கண்டது அந்தப் பக்கத்தில்தான்.

ஊரைவிட்டுச் சற்று வெளியே போனால் இன்னும் நல்லது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. செய்கிற இடத்துக்கே போய் வாங்கினால், தரையில் காய்ந்துகொண்டிருக்கும் பச்சை மண் பொம்மையையும் வெந்து வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நேரம் குறைவு என்றால் கடலூர்ச் சாலையிலேயே முருங்கப்பாக்கத்தில் கைவினைக் கிராமம் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் பேருந்தில் அதைக் கடந்துதான் போகிறோம், இறங்கத்தான் மறந்துவிடுகிறோம்.

கடலூர்க்காரர்கள் செய்கிற இன்னொரு தவறு, சொந்த மாவட்டத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாதது. குறிஞ்சிப்பாடிக் கைத்தறிக் கைலி பத்துச் சலவைக்குப் பிறகு எவ்வளவு மெத்தென்று ஆகும் என்பது அதைக் கட்டியவர்களுக்குத் தெரியும். அந்தத் துணியில் பிள்ளைகளுக்கு அரைக்கால் சட்டையும், வீட்டுக்குத் தலையணை உறையும் தைத்தால் அவ்வளவு பாந்தமாக இருக்கும். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். கொலுவுக்குப் பண்ருட்டிப் பொம்மை வாங்குகிற நாம், ஆண்டு முழுதும் புழங்குகிற பொருளுக்கு மட்டும் எல்லை தாண்டிப் போகிறோம்.

பீங்கானைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குவது

1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்கலப் பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களும் சுற்றுவட்டாரத்திலும் ஆரோவில்லிலும் பட்டறைகள் வைத்ததால், ஸ்டோன்வேர் என்று சொல்லப்படும் கல்போல் இறுகிய மண்கலம் இந்தப் பகுதியின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. அந்தக் கலத்துக்கு ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ சூளைச் சூடு வேண்டும். சாதாரணச் சுடுமண் அதைவிட மிகக் குறைந்த சூட்டில் வெந்துவிடும். மேலே பளபளவென்று பூச்சுப் பூசிவிட்டால் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஒரு கடையில் தட்டை நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்கார அம்மா அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். அடியில் பூச்சில்லாமல் ஒரு வட்டம் இருந்தது. ஈர விரலால் அதன்மேல் ஒரு சொட்டு நீர் வைத்தார். சொட்டு அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த சுடுமண் கிண்ணத்தின் அடியிலும் ஒரு சொட்டு வைத்தார். கண் இமைப்பதற்குள் மண் அதைக் குடித்துவிட்டது. ‘இது ரசம் ஊற்ற, அது பூ வைக்க’ என்றார். அரை நிமிடத்தில் கிடைத்த அந்தப் பாடம் இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது.

நம் வீட்டுச் சமையலுக்கு இது இன்னும் முக்கியம். குறைந்த சூட்டில் சுட்ட பூச்சுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. புளிக்குழம்பு, எலுமிச்சை ஊறுகாய், தயிர் போன்ற புளிப்புப் பொருள்கள் அதை மெல்லக் கரைத்து எடுக்கும். ஆகவே உணவுக்கு ஏற்றதா, அலங்காரத்துக்கு மட்டுமா என்று கேட்காமல் எந்தக் கிண்ணத்தையும் வாங்க வேண்டாம். பூச்சில் வெடிப்பு ஓடியிருக்கும் பாத்திரத்தைச் சாப்பாட்டுக்கு எடுக்கவே வேண்டாம்.

கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இரும்பு விளக்குத்தண்டும் இரும்பு மாட்டியும் வாங்கும்போது உப்புக்காற்றை நினைத்துக்கொள்ள வேண்டும். பிரம்பும் மரமும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசணம் பிடிக்கும். என்ன பூசினால் தாங்கும் என்பதைக் கடையிலேயே கேட்டுக்கொண்டு வரலாம்.

குழந்தை உடையைப் பெரியவர் கண்ணால் பார்ப்பது

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இந்தத் தவறுதான். என் மகளுக்கு மூன்று வயதானபோது, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் செக்கச்செவேலென்று ஒரு பருத்திக் கவுன் வாங்கினேன். மார்பில் நூல்வேலைப் பூக்கள். பின்னால் வரிசையாகச் சிறு மரப்பொத்தான்கள். நின்று பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். அன்று மாலை வியர்வையில் சாயம் இறங்கிக் குழந்தையின் அக்குள் சிவந்துவிட்டது. பூ வேலையின் பின்பக்கம் முடிச்சுகளாக இருந்ததால் மார்பெல்லாம் கீறல். தூங்க வைத்தால் முதுகில் பொத்தான் உறுத்தியது. வாங்கும் முன் அந்தக் கவுனை நான் ஒருமுறைகூட உட்புறம் வெளியே வரத் திருப்பிப் பார்க்கவில்லை.

இப்போது குழந்தை உடையை எடுத்தவுடன் நான் செய்வது அதைப் புரட்டுவதுதான். பூ வேலைக்குப் பின்னால் மெல்லிய துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா, தையலோரம் பிசிறில்லாமல் இருக்கிறதா, பக்கவாட்டிலும் கீழ்மடிப்பிலும் பிரித்துவிட இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பொத்தானைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்க்கிறேன். கையோடு வந்துவிடும் பொத்தான் குழந்தையின் வாய்க்குத்தான் போகும். கழுத்தில் இழுத்துக் கட்டும் நாடா இருந்தால் எவ்வளவு அழகானாலும் வாங்குவதில்லை. அது ஊஞ்சலிலோ கதவுக் கைப்பிடியிலோ மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும்.

சாயத்தைச் சோதிக்க, ஈரமாக்கிய வெள்ளைக் கைக்குட்டையால் உள்மடிப்பில் தேய்த்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். தன் துணியை நம்புகிற கடைக்காரர் மறுக்க மாட்டார். அவுரி நீலத்தின் கதை சற்று வேறு. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து நீலம் தோய்த்த துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிற்று. நீலச் சாயத்தோடு இந்த ஊருக்கு அத்தனை பழைய உறவு. அவுரி நூலின் மேற்புறத்தில் படிந்து நிற்கிற சாயம் என்பதால், நல்ல அவுரித் துணியும் முதலில் சற்றுக் கையில் ஒட்டும். அதைக் குறையென்று சொல்ல முடியாது. ஆனாலும் எதையும் வாயில் வைக்கும் கைக்குழந்தைக்கு அது வேண்டாம். இரண்டு மூன்று முறை துவைத்துப் பெரிய பிள்ளைக்குப் போடலாம்.

அளவில் ஏமாறுகிறவர்களும் அதிகம். உள்ளூர் ஆயத்த ஆடைகளில் வரும் 16, 18, 20, 22 என்ற எண்கள் அங்குலக் கணக்கைச் சேர்ந்தவை. புதுச்சேரியில் ஐரோப்பிய முறையில் தைக்கும் கடைகளில் 86, 92, 98, 104 என்று இருக்கும். அது குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். வயதைச் சொல்லிக் கேட்டால் இரண்டு முறையிலும் தவறு நேரலாம், ஏனென்றால் ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகள் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. வீட்டில் நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய், மேலே வைத்து அளந்து பார்ப்பதே நிச்சயமான வழி. முன்கூட்டி நனைத்துச் சுருக்காத பருத்தி முதல் சலவையில் சுருங்கும் என்பதால், துணியை நனைத்துத் தைத்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

கைத்தறி என்று சொல்லிக் கொடுக்கும் துணிக்கு, 2006 முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். முத்திரை இல்லாததெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. சிறு நெசவாளர் பலர் அதை வாங்கியிருக்க மாட்டார்கள். கை அச்சா, இயந்திர அச்சா என்பதற்கு இருபது முப்பது பூக்களை வரிசையாகப் பாருங்கள். மரக்கட்டையால் அச்சிட்டதில் எங்காவது ஒரு பூ மயிரிழை விலகியிருக்கும், ஓரிடத்தில் சாயம் கூடக்குறைய இறங்கியிருக்கும்.

பில், பேரம், நேரம்

தெரிந்த கடை என்று பில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதி மாட்டியிருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடவில்லையென்றால் 30 நாள்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறை ஆகாது. அதற்கு மாற்றித் தருவது கடைக்காரரின் பெருந்தன்மை. வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பேரம் பேசுவதற்கு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட் இருக்கிறது. அங்கே பேசாவிட்டால்தான் வியப்பு. அதே பழக்கத்தைத் தானே தைத்து விற்கும் பெண்ணிடமோ சுடுமண் செய்கிறவரிடமோ காட்டி, பாதி விலைக்குக் கேட்பது கொடுமை. ஒரு குழந்தைச் சட்டைக்குத் துணி, நூல், பொத்தான் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அப்புறம் பாதிக்குக் கேட்க வாய் வராது. விலை கட்டுப்படவில்லை என்றால், பூச்சில் சிறு மறு விழுந்த இரண்டாந்தரக் கலங்களும், வெட்டியது போக மிஞ்சிய துணியில் தைத்தவையும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பல கடைகளில் அவற்றை உள்ளே தனிக் கூடையில் போட்டு வைத்திருப்பார்கள், கேட்டால்தான் எடுப்பார்கள்.

கடைசியாக, நேரம். ஒருவரே நடத்தும் கடைக்கு மதியச் சாப்பாடும் உண்டு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் வேலையும் உண்டு. புதுச்சேரியில் ஒரு மணிக்கு மேல் பல கடைகள் சாத்திவிட்டு மாலையில்தான் திறக்கும். வாரவிடுமுறை கடைக்குக் கடை மாறும். இது தெரியாமல் உச்சி வெயிலில் இரண்டு குழந்தைகளோடு போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுவிட்டு, எதிரே திறந்திருந்த ஏதோ ஒரு கடையில் கிடைத்ததை வாங்கி வந்தவள் நான். அந்தச் சிவப்புக் கவுன் அப்படி வந்ததுதான். இப்போதெல்லாம் கிளம்பும் முன் போன் செய்து, ‘இன்றைக்கு எத்தனை மணி வரை இருப்பீர்கள் அம்மா?’ என்று கேட்டுவிட்டு, காலை ஒன்பது மணிப் பேருந்தைப் பிடிக்கிறேன்.