அரிய நரம்பு நோய்க்கு அரசு உதவி கேட்டு மனு எழுதுறது எப்படி

ஹன்டிங்டன், ஏஎல்எஸ் மாதிரி நரம்பு செல் கொஞ்சம் கொஞ்சமா அழியுற நோய்னா, முதல்ல உங்க நாட்டு சட்டத்துல எதை அரிய நோய்னு சொல்றாங்கன்னு பாருங்க, அமெரிக்காவுல 2 லட்சம் பேருக்கும் கம்மியா வரணும், ஐரோப்பிய யூனியன்ல 10,000 பேர்ல 5 பேருக்கு மேல இருக்கக்கூடாது.

ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் மனுவோட சேருங்க, ரொம்ப முக்கியம், ஏன்னா 2023ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச டோஃபர்சன் மருந்து எஸ்ஓடி1 ஜீன்ல மாற்றம் இருக்குற ஏஎல்எஸ்க்கு மட்டும்தான்.

மருந்தோட நிறுத்திடாதீங்க. மூச்சு மெஷின், வீல்சேர், பிசியோ, கூட இருந்து பாத்துக்குறவங்களுக்கு லீவு, எல்லாத்தையும் தனித்தனியா கேளுங்க, பதில் எந்தத் தேதிக்குள்ள வேணும்னும் கண்டிப்பா எழுதுங்க, ஏஎல்எஸ்ல நிறைய பேருக்கு 2ல இருந்து 5 வருஷம்தான் கையில இருக்கு.